ஹார்மோன் மாத்திரை கூடாது என்றால் இந்த வெக்கைக்கு வேறு என்ன வழி?

கணக்கு டீச்சர்

வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 47. கரூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது புற்றுநோய் திரும்பாமல் இருக்க டாமாக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம், தினம் ஒன்று. கீமோ நடக்கும்போதே மாதவிலக்கு நின்றது, அதற்கப்புறம் வரவே இல்லை. அது போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் பிரச்சினை.

பிடரியில் தொடங்கும். வடைச் சட்டிக்கு மேலே குனிந்தால் முகத்தில் ஆவி அடிக்குமே, அந்த மாதிரி கழுத்து, காது, முகம் என்று குப்பென்று ஏறும். நெஞ்சு படபடக்கும். மூன்று நான்கு நிமிஷத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிடும், அப்புறம் அந்த வேர்வை காயும்போது குளிரும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. போன வாரம் போர்டில் இயற்கணிதம் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, விரல் நனைந்து சாக்பீஸ் வழுக்கி விழுந்துவிட்டது. முதல் பெஞ்சுப் பையன்கள் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, ஆனாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து தலையணையைத் திருப்பிப் போடுகிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு, பள்ளியில் மத்தியானம் வாய் குழறுகிறது.

எங்கள் பள்ளியிலேயே இன்னொரு டீச்சர் ஹார்மோன் மாத்திரை எடுத்து நன்றாக இருக்கிறார். எனக்கு அது கூடாது என்று புற்றுநோய் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், என் கட்டி ஹார்மோனில் வளரும் வகை. சரி, வேறென்ன செய்யலாம் என்று வேறொரு டாக்டரிடம் கேட்டால், "வயசானா வரத்தாம்மா செய்யும், கோயில் குளத்துக்குப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார். மாமியார் வெந்தயம் ஊற வைத்துத் தருகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு சூரணம் விளம்பரம் தினம் வருகிறது, 45 நாளில் குணமாம்.

ஹார்மோன் இல்லாமல் இதைக் குறைக்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இல்லை, பொறுத்துக்கொள்வது மட்டும்தானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மோர்ப்பானை

டீச்சர், மதுரையிலிருந்து எழுதுகிறேன், வயது 58. எனக்கு 49-ல் ஆரம்பித்து 56 வரை இருந்தது. ஏழு வருஷம் என்றால் பயப்படாதீர்கள், கடைசி மூன்று வருஷம் எப்போதாவது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பாலியெஸ்டர், ஷிஃபான் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். சுங்குடிச் சேலைதான், உள்ளாடையும் பருத்திதான். எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்துப் படுக்கையில் மேல்விரிப்பாகப் போட்டுக்கொள்வேன். ராத்திரி நனைந்தால் முழுப் படுக்கையையும் மாற்ற வேண்டாம், அந்தத் துண்டை உருவிப் போட்டுவிட்டு இன்னொன்றை விரித்தால் ஐந்தே நிமிஷத்தில் மறுபடி படுத்துவிடலாம். லைட் போட வேண்டாம், அதுதான் முக்கியம், லைட் போட்டால் தூக்கம் திரும்பாது. தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர், ஒரு பனை விசிறி.

காலையில் நீராகாரம், பதினோரு மணிக்கு மோர். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர். சூடான காபிதான் எனக்கு எதிரி. குடித்துப் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். ஆற வைத்துக் குடித்தால் அவ்வளவாக வராது. காபியை விடச் சொன்னால் நான் உயிரையே விட்டுவிடுவேன், அதனால் ஆற்றிக் குடிக்கப் பழகினேன்.

அப்புறம் கருப்பு உளுந்தங்களி, எள்ளுருண்டை, கேப்பைக் கூழ். இதெல்லாம் வெக்கையைக் குறைத்ததா என்றால் சத்தியமாகத் தெரியவில்லை. இடுப்புக்கு நல்லது என்று அம்மா சொன்னாள், சாப்பிட்டேன். ஆனால் எனக்குப் புற்றுநோய் கிடையாது, உங்கள் கதை வேறு. என் வைத்தியத்தை டாக்டரிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

இரண்டாம் போர்வை

நான் ஆண். இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு மூன்று வருடமாக இது இருக்கிறது. முதல் ஒரு வருடம் எங்கள் வீட்டில் தினமும் ஃபேன் சண்டை. அவள் ஐந்தில் வைப்பாள், நான் தூங்கியதாக நினைத்து இரண்டில் வைப்பேன், அவள் எழுந்து திட்டுவாள். தீர்வு என்னவென்றால் எனக்குத் தனியாக ஒரு சோலாப்பூர் போர்வை. 400 ரூபாய். அதை வாங்க ஒரு வருடம் ஆனது என்பதுதான் வெட்கம். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

பச்சிலை நேசன்

மேடம், ஆங்கில மருந்து எல்லாம் பக்க விளைவு. தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப் பட்டை, அமுக்கரா மூன்றையும் சம அளவு பொடி செய்து பாலில் இரண்டு வேளை சாப்பிடுங்கள். உடம்புச் சூடுதான் இதற்கெல்லாம் காரணம். மூலிகையில் பக்க விளைவே கிடையாது. என் அத்தைக்கு ஒரே மாதத்தில் நின்றுவிட்டது.

மருந்துச்சீட்டு

டீச்சர், மேலே சொன்ன பொடியைத் தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் மருந்தாளுநர், புற்றுநோய் வார்டு மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. டாமாக்சிஃபென் எடுக்கும் பெண்கள் ஜன்னலுக்கு வந்து, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் வருகிறது. சாப்பாட்டுச் சூடு இல்லை. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது, உடம்பின் சூட்டைக் கவனித்துக்கொள்வது அதுதான். அங்கே நியூரோகைனின் பி என்ற ரசாயனத்தை வைத்து வேலை செய்யும் ஒரு கூட்டம் நரம்பு செல்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை அவற்றை அடக்கி வைத்திருக்கும். அது இறங்கியதும் இவை துள்ள ஆரம்பித்துவிடும். உடம்புச் சூடு இம்மியளவு ஏறினால்கூட வீடே தீப்பிடித்த மாதிரி பதறி, தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, வேர்வையைத் திறந்துவிடும். உங்களுக்கு அதிலும் இரட்டை அடி, கீமோவில் சினைப்பையும் நின்றது, டாமாக்சிஃபெனும் தன் பங்குக்கு வெக்கையைக் கொண்டுவரும் மருந்து.

மருந்துக்கு வருவோம். ஹார்மோன் இல்லாமல் நிஜமாகவே வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்சின் என்று ஒன்று, மன அழுத்தத்துக்குக் கொடுப்பது. 2000-ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழில் இதன் சோதனை வந்தது, கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள். எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு கடுமை என்று இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். நான்கு வாரத்தில் 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அது 61 சதவீதம் குறைந்தது, 37.5 எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். இதில் எனக்கு மிகவும் பிடித்த எண் வேறு. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 27 சதவீதம் குறைந்தது! பச்சிலை நேசன், உங்கள் அத்தை சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் கால் பங்குக்கு மேல் குறையும் ஒரு தொந்தரவில், "எனக்குக் கேட்டது" என்பதை மட்டும் வைத்து ஒரு பொடியை எடை போட முடியாது.

இப்போது டீச்சர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். மன அழுத்த மருந்துகளிலேயே பாராக்செட்டின் என்று இன்னொன்று உண்டு. 7.5 மில்லிகிராம் அளவில் வெக்கைக்கென்றே 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான், ஆனால் உங்களுக்கு ஆகாது. டாமாக்சிஃபென் விழுங்கியபடியே முழு வேலையும் செய்துவிடாது. கல்லீரலில் ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்ற வேண்டும், புற்றுநோயோடு பெரும்பாலும் மல்லுக்கட்டுவது அதுதான். அந்த நொதியைப் பாராக்செட்டின் பலமாகத் தடுத்துவிடும். ஃப்ளூவாக்செட்டினும் அப்படியே. வென்லாஃபாக்சின் அந்த நொதியை அவ்வளவாகச் சீண்டாது, அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு அது முதலில் வருகிறது. எந்த டாக்டர் மாத்திரை எழுதினாலும், பல் டாக்டரே ஆனாலும், "நான் டாமாக்சிஃபென் எடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வென்லாஃபாக்சினில் முதல் வாரம் குமட்டும், வாய் உலரும். ரத்தக் கொதிப்பு இருந்தால் அளந்து பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது, தலை கிறுகிறுக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ராத்திரி வேர்வைதான் பெரிய தொல்லை என்றால் கபாபென்டின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது, படுக்கும்போது 300 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். தூக்கம் வரும், அதுவே சிலருக்கு லாபம். காலையில் ஸ்கூட்டி ஓட்டுபவர்கள் முதல் சில நாள் ஜாக்கிரதை. ஆக்சிபியூட்டினின் என்ற சிறுநீர்ப்பை மருந்தும் கேட்கும், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் கூடவே வரும், வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பம் வரலாம் என்பதால் யோசித்துத்தான் எழுதுவார்கள்.

புதிதாக வந்தவை நேராக அந்தத் துள்ளும் நரம்புகளிடமே போகின்றன. ஃபெசோலினெட்டன்ட், 2023 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. கல்லீரல் பாதிப்பு அபூர்வமாக வருகிறது என்று 2024 கடைசியில் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள், ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும். இன்னொன்று எலின்சானெட்டன்ட். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களிடமே இதைச் சோதித்து 2025-இல் முடிவு வந்தது, நன்றாகக் குறைந்தது. உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மூலிகைக்கு வருகிறேன். அமுக்கரா கல்லீரலைப் பாதித்ததாகப் பல நோயாளிகளின் விவரம் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, தைராய்டையும் ஏற்றிவிடக்கூடும். வெளிநாட்டில் இதற்கென்றே விற்கும் பிளாக் கோஹோஷ் வேரும் கல்லீரல் புகாரில் மாட்டியதுதான். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளக்கூடிய மூலிகைகளை, ஹார்மோனில் வளரும் கட்டி வந்தவர் அளவு தெரியாத பொடியாகச் சாப்பிடுவது சூதாட்டம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் உங்கள் ஃபைலைக் காட்டினால் அவரே "இப்போது வேண்டாம்" என்றுதான் சொல்வார்.

கடைகளில் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்சூல் நிறைய விற்கிறது, வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று காட்டிய உருப்படியான சான்று இல்லை. வைட்டமின் ஈ-யை மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடம் 1998-இல் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வெக்கை குறைந்தது. பன்னிரண்டு பதினொன்றாகும், அவ்வளவுதான்.

மோர்ப்பானை அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிற்பது, அதற்கென்றே இருக்கும் அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் அலசி ஓர் அறிக்கை போட்டது. குளிரூட்டுவது, காபி மாதிரி தூண்டிவிடுவதைத் தவிர்ப்பது, யோகா, உடற்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, சோயா எதையும் வெக்கையைக் குறைக்கும் வைத்தியம் என்று அது பரிந்துரைக்கவில்லை. உடல் எடை அதிகம் இருப்பவர்கள் குறைத்தால் கொஞ்சம் பலன் உண்டு என்கிறது. அதற்காகச் சுங்குடிச் சேலையைப் பரணில் ஏற்ற வேண்டாம். அது வெக்கையை நிறுத்தாது, வந்ததைத் தாங்க வைக்கும். கேப்பையும் எள்ளும் எலும்புக்கு, கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. நடைப்பயிற்சியும் எலும்புக்காக, தூக்கத்துக்காக.

கடைசியாக, தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். படபடப்பு, வேர்வை, களைப்பு எல்லாம் தைராய்டு கூடினாலும் வரும், எல்லாவற்றையும் மாதவிலக்கு நின்றதன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

கணக்கு டீச்சர்

மருந்துச்சீட்டு, இதை மூன்று தடவை படித்தேன். ஒரு பயம். மன அழுத்த மாத்திரை என்று வீட்டில் தெரிந்தால், எனக்கு மனநிலை சரியில்லை என்று பேச்சு கிளம்பாதா? மாமியாருக்கு மாத்திரை அட்டையைக் கூகுளில் தேடத் தெரியும்.

மருந்துச்சீட்டு

ஆஸ்பிரினை ஜுரத்துக்கும் கொடுத்தார்கள், மாரடைப்புக்கும் கொடுக்கிறார்கள். அதே கதைதான். மாமியாரையும் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், கூகுளில் தேடத் தெரிந்தவருக்கு டாக்டர் சொன்னால் புரியும்.

தேம்ஸ் கரை

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்து ஆள், இருபத்தைந்து வருடமாக லண்டனில். வயது 54. எனக்கும் மார்பில் வந்து சத்திரசிகிச்சை செய்தது. மாத்திரை வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதால் இங்கே சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். முதலில் எனக்குச் சரியான கோபம். எனக்கு வேர்க்கிறது என்றால் என்னோடு கதைத்து அதை நிறுத்தப் போகிறார்களா என்று கேட்டேன்.

நிறுத்தவில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். இதற்கு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர் செய்த மெனோஸ் என்ற ஆய்வு 2012-இல் வந்தது, மார்பகப் புற்றுநோய் வந்த 96 பெண்கள், குழுவாக இருத்தி வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். எத்தனை தடவை வருகிறது என்பது பெரிதாக மாறவில்லை, ஆனால் அது வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்பது நன்றாகக் குறைந்தது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. இங்கே மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2024 நவம்பரில் திருத்திய வழிகாட்டியிலும் இதை ஒரு வழியாகப் போட்டிருக்கிறது.

என்ன செய்விப்பார்கள் என்றால், ஒரு கொப்பி தருவார்கள். வெக்கை வரும்போது மனசுக்குள் என்ன ஓடியது என்று அதில் எழுத வேண்டும். நான் முதல் வாரம் எழுதியதெல்லாம் ஒரே வசனம்தான், "எல்லோரும் என்னைத்தான் பார்க்கினம்." அடுத்த கிழமை அந்தப் பெண்மணி கேட்டார், போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் என்ன உடுப்பு போட்டிருந்தார் என்று. எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கும் நீங்கள் வேர்த்தது ஞாபகம் இருக்காது என்றார். அதோடு, வெக்கை வரப்போகிறது என்று தெரிந்ததும் நாங்கள் தோள்பட்டையை இறுக்கி, மூச்சைப் பிடித்து, பயந்து நிற்கிறோம். அதை விட்டுத் தோளைத் தளர்த்தி, வயிற்றால் ஆறுதலாக மூச்சு விட்டு, அலை மாதிரி அது மேலால் போக விட வேண்டும். மூச்சு அதை நிறுத்தாது, மருந்துச்சீட்டு சொன்னது சரி. பதறுவதைத்தான் நிறுத்தும்.

வேலைத்தலத்தில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்கள், நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் கூட்டத்தில் முகம் சிவந்துபோய், "எனக்கு ஒரு நிமிஷம், மெனோபாஸ்" என்று ஜன்னலைத் திறந்தேன். எதிரே இருந்த மேலதிகாரி அம்மா தன் கைப்பையிலிருந்து சின்ன ஃபேன் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

நித்திரைக்கும் அவர்கள் சொல்லித் தந்தது உதவியது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் நித்திரை வராவிட்டால் கட்டிலில் உருளக் கூடாது, எழும்பிப் போய் மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். நான் காலுறை சோடி சேர்ப்பேன். பகலில் படுக்கக் கூடாது, முதல் இரண்டு கிழமை சரியான கஷ்டம், பிறகு பழகிவிடும். உங்கள் ஊரில் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் மனநல ஆலோசகர் இருந்தால் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்

யாரும் பேசாத ஒன்றை நான் கேட்டுவிடுகிறேன், எனக்கும் டீச்சர் நிலைமைதான், வயது 44. வெக்கைகூடச் சமாளிக்கிறேன். கீழே வறட்சி, எரிச்சல். சிறுநீர் போனாலே எரிகிறது. கணவரோடு சேருவது என்பது முள்ளில் படுப்பது போல. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் எட்டு மாதமாக நான் ஒவ்வொரு ராத்திரியும் தூங்குவது போல நடிக்கிறேன். டாக்டர் ஆண், கேட்க வாய் வரவில்லை.

மருந்துச்சீட்டு

நீங்கள் கேட்டதால் இன்னும் பத்துப் பேர் சத்தமில்லாமல் படிப்பார்கள். இதற்கும் ஹார்மோன் இல்லாத வழி இருக்கிறது, இது தானாகச் சரியாகிவிடும் ரகம் இல்லை, விட்டால் கூடத்தான் செய்யும். இரண்டு பொருள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று வஜைனல் மாய்ஸ்சரைசர். முகத்துக்கு க்ரீம் போடுவது போல வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டும். ஹையலுரானிக் அமிலம் உள்ளது பார்த்துக் கேளுங்கள். ஒரே நாளில் தெரியாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்னொன்று லூப்ரிகன்ட், அது அந்த நேரத்துக்கு மட்டும், தண்ணீரில் கரையும் வகையோ சிலிக்கான் வகையோ. தேங்காய் எண்ணெயைச் சிலர் போடுகிறார்கள், ஆனால் ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெய் அதை இளக்கிவிடும். சோப்பு, டெட்டால், வாசனைக் கழுவும் திரவம் எதுவும் அங்கே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். சிறுநீர் எரிச்சலுக்கு ஒரு தடவை பரிசோதனை கொடுங்கள், தொற்றாக இருக்கலாம். வாய் வரவில்லை என்றால் ஒரு காகிதத்தில் எழுதி டாக்டர் மேஜையில் வையுங்கள், என் ஜன்னலுக்கு அப்படி எத்தனையோ காகிதம் வந்திருக்கிறது.

இதில் டீச்சருக்கும் சேர்த்து இரண்டு விஷயம். டாமாக்சிஃபென் எடுக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வெறும் பழுப்புக் கறையாக இருந்தாலும், "மறுபடி மாதவிலக்கு வந்துவிட்டது போல" என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உட்சுவரை அந்த மருந்து தடிக்க வைக்கும், அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பையும் சற்றுக் கூட்டும். அந்த வாரமே பெண்கள் டாக்டரிடம் போய்விட வேண்டும். இன்னொன்று, கீமோவில் நின்ற மாதவிலக்கு சிலருக்குத் திரும்பும், வராமல் இருக்கும்போதே கருவும் தங்கலாம். டாமாக்சிஃபென் கருவுக்கு ஆகாது. 44 வயது, 47 வயது என்றால் காப்பர் டியோ ஆணுறையோ ஏதோ ஒன்று இருக்க வேண்டும், கர்ப்பத்தடை மாத்திரை கூடாது, அது ஹார்மோன்.

பச்சிலை நேசன்

சரி, டாமாக்சிஃபென் விஷயம் எனக்குத் தெரியாது. அத்தைக்குப் புற்றுநோய் இல்லை. நான் சொன்னதை டீச்சர் விட்டுவிடட்டும். ஆனால் மோர், நீராகாரத்தில் தப்பில்லையே?

மோர்ப்பானை

மோரைத் தொட்டீர்கள் என்றால் தெரியும். அறிக்கை எல்லாம் அப்புறம்.

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன், எழுதி ஏழு வாரம் ஆகிவிட்டது.

புற்றுநோய் டாக்டரிடம் போனேன், ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு. தைராய்டு சரியாக இருக்கிறது, ஹீமோகுளோபின் 9.8, அதற்கு இரும்பு மாத்திரை. வென்லாஃபாக்சின் 37.5-ல் ஆரம்பித்து இரண்டாவது வாரம் 75. முதல் ஐந்து நாள் காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது, சாப்பிட்டபின் மாத்திரை என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. கணக்கு டீச்சர் என்பதால் பழைய டைரியில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். ஆரம்பித்த வாரம் மொத்தம் 79. போன வாரம் 33. ராத்திரியில் ஒன்று வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. பெயர் எல்லாம் எழுதிக்கொண்டு போய் எலின்சானெட்டன்ட் பற்றியும் கேட்டேன், "முதலில் இதைப் பார்ப்போம்" என்றார்.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஆட்டோவில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, உங்க மாமா என்னைக் கொல்லையில போய்ப் படுக்கச் சொன்னார்" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் சங்கதி அது. வெந்தயம் இன்னமும் ஊற வைத்துத் தருகிறார், நானும் குடிக்கிறேன்.

வேட்டியைக் கிழித்தாகிவிட்டது. வீட்டுக்காரருக்குத் தனிப் போர்வையும் வாங்கியாகிவிட்டது, இங்கே 450 ரூபாய்.

நேற்று நான்காவது பீரியடில், காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டிருக்கும்போது பிடரியில் ஆரம்பித்தது. தோளைத் தளர்த்திக்கொண்டு சாக்பீஸை மேஜையில் வைத்தேன். "ஒரு நிமிஷம், டீச்சருக்கு வேர்க்குது, உடம்புக்கு மருந்து எடுக்கிறேன், அதனால" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முன்பு சிரித்த அதே முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், பின்னாடி ஃபேனையும் போடட்டுமா?" என்றான். போடுடா என்றேன். போட்டுவிட்டு வந்து, நான் பாதியில் விட்ட கணக்கில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினான்.